அறுபது ஆண்டுச் சுற்றும் மங்கோலியர் நாட்காட்டியும்

காலம் கண்ணுக்குப் புலப்படாதது. ஆயினும் அதனை அளக்காமல் மனித இனம் வாழ்ந்ததில்லை. விதைக்கவும் அறுக்கவும், கடன் கொடுக்கவும் வாங்கவும், நோன்பு நோற்கவும் விழா எடுக்கவும் நாள் வேண்டும். நாளை எண்ணத் தொடங்கியவன் மாதத்தை வகுத்தான். மாதங்களைத் தொகுத்து ஆண்டு என்றான். ஆண்டுக்கு எவ்வாறு பெயரிடுவது என்ற வினா எழுந்தபோது மக்கள் வெவ்வேறு வழிகளைக் கண்டனர்.

கிருஷ்ணன்கோவில் வட்டாரத்தில் வாழும் நமக்கு நாட்காட்டி புதிய பொருளன்று. அருகிலுள்ள சிவகாசி, நாட்காட்டி அச்சுத் தொழிலுக்கு நாடறிந்த நகரம். அடுத்த ஆண்டுக்குரிய நாட்காட்டிகளின் மாதிரித் தொகுப்பை ஆடிப் பெருக்கு நாளில் வெளியிடுவது அந்நகர அச்சகத்தாரின் வழக்கம். நாள்தோறும் நாம் கிழிக்கும் அச்சிறு தாளைச் சற்றே நின்று நோக்குவோமாயின், அதில் ஆங்கிலத் தேதி ஒருபுறம். தமிழாண்டின் பெயரும் மாதமும் தேதியும் ஒருபுறம். ஹிஜ்ரி மாதமும் பிறையும் ஒருபுறம். திதியும் நட்சத்திரமும் நாழிகைக் கணக்கில் ஒருபுறம் என ஒரே நாள் பல முகங்களுடன் விளங்கக் காணலாம்.

அத்தாளில் அச்சாகும் தமிழாண்டின் பெயர் குறித்து ஒரு செய்தி பலருக்கும் வியப்பளிக்கும். பிரபவ முதல் அட்சய ஈறாக நாம் எண்ணும் அதே அறுபது ஆண்டுச் சுற்று, நாம் தொடங்கும் அதே ஆண்டில் தொடங்கி, இமயத்திற்கும் கோபிப் பாலைக்கும் அப்பால் உள்ள மங்கோலிய நாட்டிலும் வழங்கி வருகின்றது. அந்நாட்டு நாட்காட்டியின் அமைப்பையும், அதனோடு ஒப்பிடுகையில் நமது ஆண்டுக் கணக்கில் புலப்படும் ஒரு குறையையும் அக்குறை தீரும் வழியையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூவகை ஆண்டுகள்

உலகில் வழங்கும் நாட்காட்டிகளை மூவகையுள் அடக்கலாம். முதலாவது, கதிரவனைச் சார்ந்தது. தமிழாண்டின் மாதங்கள் கதிரவன் ஓர் இராசியினின்று அடுத்த இராசிக்குச் செல்லும் கணக்கில் அமைந்தவை. கோடையில் அச்செலவு மெதுவாகவும் குளிர்காலத்தில் விரைவாகவும் தோன்றுவதால் ஆனி, ஆடி மாதங்கள் 31 அல்லது 32 நாள்களும், மார்கழி 29 அல்லது 30 நாள்களும் பெறுகின்றன.

இரண்டாவது, முற்றிலும் நிலவைச் சார்ந்தது. ஹிஜ்ரி ஆண்டு இத்தகையது. பிறைக்குப் பிறை ஏறத்தாழ 29.53 நாள்கள், பன்னிரு பிறைகள் கூடிய ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்கள். கதிரவன் ஆண்டினும் இது ஏறத்தாழ 11 நாள்கள் குறைவு. ஆதலின் ரமலான் நோன்பு ஒரு தலைமுறைக்குள் கோடை, மழை, பனி என எல்லாப் பருவங்களையும் தொட்டுச் செல்கின்றது. மாதங்களைத் தள்ளிவைக்கும் பழைய அரபு வழக்கத்தைத் திருமறை விலக்கி, ஆண்டுக்கு மாதங்கள் பன்னிரண்டே என வரையறுத்தது. எனவே இவ்வாண்டில் மிகை மாதம் சேர்ப்பதற்கு இடமில்லை.

மூன்றாவது, இவ்விரண்டையும் இணைத்துச் செல்வது. மாதத்தை நிலவால் அளந்து, ஆண்டைப் பருவத்தோடு பொருத்துவதற்காக அவ்வப்போது ஒரு மிகை மாதத்தைச் சேர்ப்பது இதன் இயல்பு. மங்கோலியரின் மரபு நாட்காட்டி இவ்வகையைச் சார்ந்தது. 65 கதிரவ மாதங்கள் 67 நிலவு மாதங்களுக்கு ஈடாகும் என்பது அதன் அடிப்படைக் கணக்கு. அதாவது, ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் சில திங்கள் கழிந்ததும் ஒரு மிகை மாதம் வரும். ஒவ்வொரு மாதமும் முப்பது திதிகளாகப் பகுக்கப்படும். திதியும் நாளும் அளவில் ஒவ்வாமையால், மாதத்தில் ஒரு தேதி விடுபட்டுப் போவதும், ஒரு தேதி இருமுறை வருவதும் உண்டு. நாலாம் நாளுக்கு அடுத்து ஆறாம் நாள் வந்தால் மங்கோலியர் வியப்பதில்லை.

நிலவையும் மாதத்தையும் 'திங்கள்' என்ற ஒரே சொல்லால் குறிப்பது தமிழ் மரபு. மங்கோலிய மொழியிலும் 'சர்' என்னும் ஒரே சொல் இரண்டையும் குறிக்கின்றது. அவர்களது புத்தாண்டு 'சகான் சர்' எனப்படும். 'வெண்திங்கள்' என்பது அதன் பொருள். பெரும்பாலும் பிப்ரவரியிலோ மார்ச்சுத் தொடக்கத்திலோ அது அமையும். சீனப் புத்தாண்டுடன் அது எப்பொழுதும் ஒன்றாக வருவதில்லை. 2025இல் சீனர் புத்தாண்டு சனவரி 29ஆம் நாளும், மங்கோலியர் புத்தாண்டு மார்ச்சு முதல் நாளும் தொடங்கின. மங்கோலியர் கணக்கு சீனக் கணக்கின் நகலன்று என்பதற்கு இதுவே சான்று.

புல்வெளி மாந்தரின் காலக் கணிப்பு

மங்கோலியர் கால்நடை மேய்த்து வாழ்ந்த மக்கள். நம் இலக்கண மரபில் கூறுவதாயின் அவர்கள் முல்லை நிலத்தார் எனலாம். நிலத்திற்கேற்பப் பெரும்பொழுதும் சிறுபொழுதும் வகுத்த தொல்காப்பிய நெறியை அறிந்தவர்க்கு, அப்புல்வெளி மாந்தர் பொழுது கண்ட முறை எளிதில் விளங்கும்.

'கெர்' எனப்படும் அவர்களது வட்ட வடிவக் கூடாரத்தின் வாயில் தெற்கு நோக்கியது. உச்சியில் வட்டமான ஒரு திறப்பு உண்டு. அதன் வழியே விழும் கதிரொளி காலையில் மேற்குப் பக்கத்தையும், நண்பகலில் வடக்குப் பக்கத்தையும், பிற்பகலில் கிழக்குப் பக்கத்தையும் தொடும். ஒளி எப்பொருளின்மீது விழுகிறது என நோக்கிப் பால் கறக்கும் பொழுதையும் மந்தை திரும்பும் பொழுதையும் அறிந்தனர். நிழலை அடியால் அளந்து பொழுது சொன்ன நம் ஊர் முதியோரை இது நினைவூட்டும். ஒரு நாளைப் பன்னிரு பகுதிகளாக்கி, அவற்றிற்குப் பன்னிரு விலங்குகளின் பெயரை இட்டனர். நள்ளிரவு எலிக்குரியது, நண்பகல் குதிரைக்குரியது. ஒவ்வொரு பகுதியும் இரண்டு மணி நேரம். நம் கணக்கில் ஐந்து நாழிகை.

குளிர்காலத்தை அவர்கள் அளக்கும் முறை தனிச்சிறப்புடையது. டிசம்பர் 22ஆம் நாள் அளவில், இரவு மிக நீண்டிருக்கும் காலம் தொட்டு, ஒன்பது ஒன்பது நாள்களாக 81 நாள்களை எண்ணுவர். முதல் இரு ஒன்பதுகளில் பாலினின்று வடித்த மதுவும் உறைந்துவிடும் என்பர். மூன்றாம் ஒன்பதில் மூன்று வயதுக் காளையின் கொம்பும், நான்காம் ஒன்பதில் நான்கு வயதுக் காளையின் கொம்பும் உறையும். ஐந்தாம் ஒன்பதில் சமைத்த சோறு உறைவதில்லை. ஆறாவதில் பனி விலகிப் பாதை தெரியும். ஏழாவதில் குன்றின் தலை தெரியும். எட்டாவதில் நிலம் ஈரமாகும். ஒன்பதாவதில் வெம்மை வந்து நிலைக்கும். எழுத்தறியாத ஆயனும் இந்நாட்காட்டியைப் படிக்க வல்லவன். ஆடிப் பட்டம் தேடி விதைக்கும் நம் உழவர் மரபும் இத்தகைய அறிவின்பாற்பட்டதே.

வடக்கே சென்ற பிரபவ

பருவத்தை இவ்வாறு அறிந்த மக்களுக்கு ஆண்டை எண்ணும் முறை இரு திசைகளிலிருந்து வந்தது. பன்னிரு விலங்குகளின் பெயரால் ஆண்டைக் குறிப்பது கீழை ஆசியாவிலும் துருக்கிய மக்களிடையிலும் பரவியிருந்த பழைய முறை. மற்றொன்று இந்திய மண்ணிலிருந்து சென்றது. காலசக்கரம் என்னும் வடமொழிப் பௌத்த நூல் திபெத்திய மொழிக்குச் சென்றதையொட்டி, கி.பி. 1027ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டு திபெத்தியர் அறுபது ஆண்டுச் சுற்றை எண்ணலாயினர். சுற்றின் முதலாண்டாகிய 'பிரபவ' என்பதை அவர்கள் 'ரப்ஜுங்' என மொழிபெயர்த்தனர். அப்பெயரே முழுச் சுற்றுக்கும் ஆயிற்று. திபெத்தியப் பௌத்தத்தோடு இக்கணக்கு மங்கோலியரிடம் சென்றது. அவர்கள் அச்சுற்றை 'ஜரான்' என்பர். அச்சொல்லுக்கு 'அறுபது' என்பதே பொருள். சும்பா கென்போ யேஷே பல்ஜோர் என்னும் பௌத்த அறிஞர் 1747ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டு இக்கணக்கைத் திருத்தி அமைத்தார். மங்கோலியர் மரபு நாட்காட்டி அவர் வகுத்த நெறியையே பின்பற்றுகின்றது.

1027இல் தொடங்கிய சுற்று பதினாறு முறை நிறைந்து, பதினேழாம் சுற்று 1987இல் தொடங்கியது. தமிழகத்தில் பிரபவ ஆண்டு பிறந்ததும் அதே 1987இல்தான். 2025 ஏப்ரலில் நமக்குப் பிறந்த விசுவாவசு சுற்றின் 39ஆம் ஆண்டு. அவ்வாண்டு மார்ச்சில் மங்கோலியருக்குப் பிறந்ததும் பதினேழாம் ஜரானின் 39ஆம் ஆண்டே. இதில் மற்றொரு புதுமையும் உண்டு. வியாழன் என்னும் கோள் வான்வட்டத்தை ஒருமுறை சுற்ற ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். ஐந்து சுற்றுக்கு அறுபது என்பதே இக்கணக்கின் மூலம். ஆனால் வியாழன் ஓர் இராசியைக் கடக்கும் காலம் முழு ஆண்டினும் சில நாள்கள் குறைவு. அதனை ஈடுசெய்ய வட இந்தியர் ஏறத்தாழ 85 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓர் ஆண்டின் பெயரை விட்டுவிடுவர். தென்னாட்டார் அவ்வாறு விடுவதில்லை. திபெத்தியரும் மங்கோலியரும் விடுவதில்லை. எனவே இடையிலுள்ள வட இந்தியாவின் ஆண்டுப் பெயர் நம்மினும் பத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் முன்னே செல்ல, தொலைவிலுள்ள மங்கோலியாவும் தமிழகமும் ஒரே எண்ணில் நிற்கின்றன.

தொடர்பு இவ்வளவில் நிற்கவில்லை. செவ்வாய்க் கோளை மங்கோலியர் 'அங்கரக்' என்பர். புதனைப் 'புத்' என்பர். வியாழனைப் 'பர்கஸ்பதி' என்பர். வெள்ளியைச் 'சுகர்' என்பர். சனியைச் 'சஞ்சிர்' என்பர். அங்காரகன், புதன், பிரகஸ்பதி, சுக்கிரன், சனைச்சரன் என்னும் பெயர்களே இவ்வாறு திரிந்தன. அவர்களது கணிதத்திலும் ஒரு நாளுக்கு அறுபது நாழிகை. ஒரு நாழிகைக்கு அறுபது விநாழிகை. ஒரு விநாழிகைக்கு ஆறு மூச்சு. ஆக, ஒரு நாளைக்கு 21,600 மூச்சு. நம் சித்தர் மரபு கூறும் எண்ணும் இதுவேயன்றோ? நாழிகையைக் குறிக்கும் திபெத்தியப் பெயருக்கு 'நீரளவு' என்பது பொருள். பாசறையில் நீர்க்கலம் கொண்டு பொழுது அளந்த நாழிகைக் கணக்கரை முல்லைப்பாட்டு காட்டுவதை மாணவர்கள் ஈண்டு நினைவுகூரலாம்.

விலங்கும் நிறமும்

நாம் அறுபது ஆண்டுகளுக்கும் அறுபது பெயர்களை மனனம் செய்ய வேண்டும். மங்கோலியர் அதே அறுபதைப் பன்னிரு விலங்குகளையும் ஐந்து நிறங்களையும் கொண்டு எண்ணுகின்றனர். எலி, எருது, புலி, முயல், கடல்நாகம், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, கோழி, நாய், பன்றி என்பன விலங்குகள். மரத்திற்கு நீலம், நெருப்பிற்குச் சிவப்பு, மண்ணிற்கு மஞ்சள், இரும்பிற்கு வெண்மை, நீருக்குக் கருமை என்பன நிறங்கள். ஒவ்வொரு நிறமும் ஆண், பெண் என இரண்டாகி அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு நிற்கும். ஆண் நிறம் எலி, புலி முதலிய ஆறு விலங்குகளோடும், பெண் நிறம் எருது, முயல் முதலிய ஆறு விலங்குகளோடும் மட்டுமே சேரும். பத்து நிறங்களும் பன்னிரு விலங்குகளும் ஒருங்கே சுழலும்போது, தொடங்கிய இணை மீண்டும் வர அறுபது ஆண்டுகள் ஆகும். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் பொதுவான சிறும மடங்கு அறுபது என்பதைக் கணித மாணவர் உடனே உணர்வர். இம்முறையில் 1987 சிவப்புப் பெண்முயல் ஆண்டு. 2025 நீலப் பெண்பாம்பு ஆண்டு.

பிறந்த ஆண்டின் விலங்கு திரும்ப வரும் ஆண்டை மங்கோலியர் விழிப்போடு கடக்க வேண்டிய ஆண்டாகக் கருதுவர். கருவிலிருந்த காலத்தையும் சேர்த்து எண்ணும் அவர்களது மரபில் 13, 25, 37, 49, 61 என அவ்வயதுகள் அமையும். அறுபது நிறைந்து அறுபத்தொன்றில் அடியெடுத்து வைப்பவர்க்கு மணிவிழா எடுக்கும் நம் வழக்கம் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. பிறந்த ஆண்டின் பெயர் திரும்ப வந்தது என்பதே அவ்விழாவின் கருத்து.

எந்த எலி? எந்தப் பிலவ?

சுழலும் பெயரில் அழகும் உண்டு, இடரும் உண்டு. மங்கோலியரின் தலையாய பழைய வரலாற்று நூல் 'மங்கோலியர் மறைவரலாறு' என்பது. செங்கிஸ்கானின் குலவரலாற்றைக் கூறும் அந்நூலின் முடிவில், அது எலி ஆண்டில் எழுதி முடிக்கப்பட்டதாகக் குறிப்பு உள்ளது. எந்த எலி ஆண்டு? 1228 எலி ஆண்டு. 1240 எலி ஆண்டு. 1252உம் எலி ஆண்டே. ஒவ்வோர் ஆண்டையும் அறிஞர் ஒவ்வொரு சாரார் வலியுறுத்துகின்றனர். ஒரு பேரரசின் தாய்நூல், நாள் குறித்தும் நாளற்று நிற்கின்றது.

1944ஆம் ஆண்டுக் குளிரில் மங்கோலியாவின் கால்நடைகள் பெருந்தொகையாக மடிந்தன. புல்லைப் பனி மூடிக் கால்நடைகள் மடியும் அப்பேரிடரை அவர்கள் 'சுட்' என்பர். முதியோர் அதனைக் 'குரங்கு ஆண்டின் சுட்' என்றே நினைவுகூர்ந்தனர். பின்னர் 1967-68 குளிர்காலத்திலும் கடும் சுட் வந்தது. 1968உம் குரங்கு ஆண்டே. நம் நாட்டில் 1876இல் தொடங்கிச் சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தைத் 'தாது வருஷப் பஞ்சம்' என்று முன்னோர் கூறினர். 1936உம் 1996உம் தாது ஆண்டுகளே. பஞ்சத்தைக் கண்டவர் உயிரோடிருந்தவரை அப்பெயர் போதுமானதாக இருந்தது. அவர்கள் மறைந்தபின் பெயர் மட்டும் எஞ்சுகின்றது.

ஒரு வீட்டின் பழைய பெட்டியில், பள்ளிவாசலுக்கோ கோவிலுக்கோ நிலம் எழுதிவைத்த ஓலை ஒன்று கிடைக்கின்றது எனக் கொள்வோம். அதில் 'பிலவ ௵ ஆவணி ௴ 12 ௳' என்று மட்டும் உள்ளது. இக்குறிகள் முறையே வருடம், மாதம், நாள் என்பவற்றைக் குறிக்கும் என்பதே இன்றைய மாணவர் பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும், அது 1901ஆம் ஆண்டுப் பிலவவா, 1841ஆம் ஆண்டுப் பிலவவா என எவ்வாறு துணிவது? எழுதியவர் பாட்டனா, பாட்டனுக்குப் பாட்டனா? அறுபது ஆண்டு வேறுபாட்டில் உரிமையே மாறிவிடக்கூடும். ஒருவர் தாம் பிறந்த ஆண்டின் பெயரைச் சொன்னால், அவர் முகத்தைப் பார்த்தே எந்தச் சுற்று எனத் தெளியலாம். ஓலைக்கு முகம் இல்லையே!

வினாவும் விடையும்

இதே வினா இஸ்லாமிய வரலாற்றின் தொடக்க காலத்திலும் எழுந்தது. பழைய அரபியர் ஆண்டுகளை நிகழ்ச்சியின் பெயரால் குறித்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்த ஆண்டை 'யானை ஆண்டு' என்றனர். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஆட்சியில் 'ஷஅபான்' என்று மட்டும் நாள் குறித்த பத்திரம் ஒன்று அவர்முன் வந்ததாகவும், 'இது எந்த ஷஅபான்?' என அவர் வினவியதாகவும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அதன் பின்னரே, ஏறத்தாழ கி.பி. 638இல், மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பெயர்ந்த கி.பி. 622ஆம் ஆண்டை முதலாகக் கொண்டு ஹிஜ்ரி ஆண்டு எண்ணப்படலாயிற்று. மாதங்கள் சுழல்வன, ஆண்டின் எண்ணோ ஒருமுறை சென்றால் திரும்புவதில்லை.

பிறர் காலக் கணக்குகளையும் அறிந்து பதிவு செய்த பெருமை முஸ்லிம் அறிஞர்க்கு உண்டு. அல்பிரூனி கி.பி. 1030 அளவில் இந்தியாவைப் பற்றி அரபு மொழியில் எழுதிய நூலில் அறுபது ஆண்டுச் சுற்றுக்கென ஓர் இயலையே ஒதுக்கினார். திபெத்தியர் அச்சுற்றைத் தமதாக்கிய அதே காலம் அது. 1259இல் மராகாவில் மங்கோலிய மன்னர் ஹுலாகுவின் ஆதரவில் வானாய்வுக் கூடம் அமைத்த நசீருத்தீன் தூசி, தமது வானியல் அட்டவணையில் விலங்காண்டுக் கணக்கையும் விளக்கினார். 1267இல் ஜமாலுத்தீன் என்னும் அறிஞர் குப்ளாய்கானுக்கு வானியற் கருவிகளையும் ஒரு நாட்காட்டியையும் அளித்தார். ஈரானை ஆண்ட மங்கோலிய மன்னர் காசான், இஸ்லாத்தைத் தழுவியபின், 1302இல் வரி தண்டுவதற்கெனக் கதிரவன் ஆண்டைச் சார்ந்த புதிய கணக்கை ஏற்படுத்தினார். 32 அறுவடைக்கு 33 நிலவாண்டுகள் கழிந்துவிடுமாதலின், வரிக்கு நிலவாண்டு ஒவ்வாது என்பது அறிந்து செய்த சீர்திருத்தம் அது. நம் தென்னாட்டிலோ, திப்பு சுல்தான் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நபிகளாரின் பிறப்பை முதலாகக் கொண்ட மவ்லூதி ஆண்டை வகுத்தபோது, அறுபது ஆண்டுச் சுற்றை ஏற்று அதன் ஆண்டுகளுக்குப் புதிய பெயர்களைச் சூட்டினார். அதனோடு தொடர் எண்ணையும் தம் நாணயங்களில் பொறித்தார். பெயரும் எண்ணும் இணைந்து நின்றன.

இவ்விணைப்பே இடர் தீர்க்கும் வழி. மங்கோலியர் எலி ஆண்டு என்று மட்டும் எழுதிய பிழையைப் பின்னர்த் திருத்திக்கொண்டனர். இத்தனையாவது ஜரான், இன்ன நிறம், இன்ன விலங்கு என்றால் ஐயத்திற்கு இடமில்லை. நாமோ சுற்றுக்கு எண் இடவில்லை. எனினும் நம் வட்டார முன்னோர் வேறொரு வழி கண்டனர். 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாகும் வரை ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்திருந்தது. அச்சீமையிலும் குமரி நாட்டிலும் கி.பி. 825இல் தொடங்கும் கொல்லம் ஆண்டை ஆவணங்களில் எழுதுவது பெருவழக்கு. மேலே கண்ட ஓலையில் 'கொல்லம் 1077' எனக் கூடுதலாக ஓர் எண் இருக்குமாயின், அஃது 1901 ஆவணி என ஒரு நொடியில் துணியலாம். திருவள்ளுவர் ஆண்டும் அத்தகைய தொடர் எண்ணே. கிறித்துவ ஆண்டோடு 31 கூட்டினால் அது கிடைக்கும்.

முடிவுரை

சுழலும் பெயர் பருவத்தையும் பண்பாட்டையும் நினைவூட்டும். திரும்பாத எண் வரலாற்றைக் காக்கும். ஒன்றை விடுத்து ஒன்றைக் கொள்வது அறிவுடைமையாகாது. மங்கோலியர் தம் வெண்திங்களைப் பொதுவுடைமை ஆட்சிக் காலத்தில் ஆயர் திருநாள் என்ற பெயரில் ஒதுங்கிக் கொண்டாட நேர்ந்தது. 1990க்குப் பின்னர் அதனை மீண்டும் நாடறிந்த விழாவாக்கினர். அலுவலுக்கு உலகப் பொது நாட்காட்டி, வாழ்வுக்கு மரபு நாட்காட்டி என இரண்டையும் அவர்கள் போற்றுகின்றனர்.

மாணவ மணிகளுக்கு ஒரு பணி காத்திருக்கின்றது. உங்கள் இல்லத்து முதியோர் பலர்க்குப் பிறப்புச் சான்று இல்லை. 'யுவ வருஷம் ஐப்பசி மாதம்', 'ரமலான் பிறை பத்து' என்று சொல்வர். அதனைக் கேட்டுச் சிரித்துவிட்டுச் செல்லாதீர்கள். அருகமர்ந்து, அவ்வாண்டில் நடந்தது என்ன, மழை பெய்ததா, யார் யார் இருந்தனர் என வினவி, ஆண்டின் பெயரோடு கிறித்துவ ஆண்டின் எண்ணையும் சேர்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். பெட்டியிலுள்ள ஓலைகளிலும் பத்திரங்களிலும் காணும் ஆண்டுகளுக்கும் அவ்வாறே செய்யுங்கள். அவர்கள் முகம் நம்முன் இருக்கும் வரையில்தான் எந்தச் சுற்று என்று நம்மால் சொல்ல இயலும்.